தோளும் இடுப்பும் ஒன்றாகப் பொருந்திய சட்டை

நான் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, நான்-பைனரி (non-binary). கடலூரில் துணிக்கடைக்குப் போனால் இரண்டே பக்கம். ஆண்கள் சட்டை தோளில் சரியும், இடுப்பில் இறுகும். பெண்கள் குர்தியில் மார்பு வடிவத்துக்கு டார்ட் (மடிப்புத் தையல்) பிடித்திருப்பார்கள். போட்டாலே மனசு சுருங்கிவிடும்.

ஒருகாலத்தில் நெஞ்சு தட்டையாகத் தெரிய கிரேப் பேண்டேஜால் கட்டினேன். மூச்சுத் திணறல், விலா வலி. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உடம்பு அசைய அசைய அது மேலும் இறுகும்.

வழி கிடைத்தது தையல் மெஷினில். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சைஸ் பெரிய ஆண்கள் காட்டன் சட்டை வாங்கி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டெய்லரிடம் கொடுத்தேன்.

“ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?”

“எனக்குத்தான் அண்ணே.”

கொஞ்ச நேரம் பார்த்தார். டேப்பை எடுத்தார்.

தோள் தையலைப் பிரித்து உள்ளே தள்ளி, கையை மறுபடி ஏற்றினார். பக்கவாட்டில் கீழிருந்து 5 அங்குலம் ஸ்லிட். இடுப்புப் பிடிப்பு போயிற்று. நெஞ்சில் இருபக்கமும் பாக்கெட் வைக்கச் சொன்னேன். துணி இரண்டடுக்காக நிற்பதால் வளைவு அவ்வளவாகத் தெரியாது. அடர் நிறத்தில் சின்னப் பூப்போட்ட துணி என்றால் இன்னும் நல்லது. நம்ம ஊர் வெக்கைக்கு உள்ளே பருத்தி பனியன் போதும்.

போட்டுக் காட்டினேன். “திரும்பு கண்ணு, முதுகு சரியா இருக்கா பாப்போம்” என்றார். தம்பியும் இல்லை, பாப்பாவும் இல்லை, கண்ணு. அடுத்த வாரமே இன்னும் இரண்டு சட்டை கொடுத்துவிட்டு வந்தேன்.