மட்டக்களப்பு வீட்டில் ஏசியை எத்தனை பாகையில் வைப்பது?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீட்டைச் சூடாக்க வேண்டிய நாள் என்று ஒன்று வருவதில்லை. தை மாதத்து விடியற்காலைக் கூதலிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே றிமோட்டில் எந்த எண்ணை வைப்பது என்ற கேள்வி இங்கே குளிரூட்டலைப் பற்றியது மட்டுமே. ஆயினும், ஆண்டு முழுவதும் ஒரே எண்ணை வைத்திருப்பவர்கள் சில மாதங்களில் போர்வைக்குள் நடுங்குகிறார்கள், வேறு சில மாதங்களில் பிசுபிசுப்போடு புரள்கிறார்கள். உடல் வெப்பநிலையை மட்டும் உணர்வதில்லை. காற்றின் ஈரத்தையும் ஓட்டத்தையும் சேர்த்தே உணர்கிறது. எனவே நாட்காட்டியைவிட, வீசுகின்ற காற்றைப் பார்த்து எண்ணை மாற்றுவதே இப்பகுதிக்குப் பொருந்தும்.

தொடக்கப் புள்ளியாக 26 பாகையை வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். காற்று உடலில் படும்போது வியர்வை விரைவாக ஆவியாவதால், 26 பாகையும் இரண்டு பாகை குறைந்ததுபோலத் தோன்றும். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 பாகையில் இயங்கத் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஒரு பாகை கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அங்கு சொல்லப்படும் கணக்கு. மின்விசிறி சுழலும் அறைக்கு 24 பாகைகூடத் தேவையில்லை என்பதே என் கருத்து. அறைக்குள் நுழைந்தவுடன் 18 பாகைக்கு இறக்கினால் விரைவில் குளிரும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பயன்தராதது. இன்வேர்ட்டர் அல்லாத சாதாரண ஏசியின் கம்ப்ரசர் எந்த எண்ணிலும் ஒரே வலுவில்தான் ஓடுகிறது. எண்ணைக் குறைத்தால் அது நிற்பதற்கு நேரமாகுமே தவிர, குளிர் வேகமாக வராது.

பங்குனி முதல் வைகாசி வரையான அவிச்சலே இங்கே மிகவும் கடினமான காலம். கடலும் வாவியும் சூழ்ந்த கல்லடி, காத்தான்குடி போன்ற இடங்களில் காற்று ஓய்ந்து, ஈரம் நிறைந்து, வியர்வை உலராமல் நிற்கும். அப்போது 25 அல்லது 26 பாகை போதுமானது. புழுக்கம் தணியாவிட்டால், எண்ணை இறக்குவதற்கு முன்னர் கதவு, யன்னல் இடுக்குகளின் வழியே வெளி ஈரம் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். இக்காலத்தில் அறையை 20 பாகையில் வைத்தால், வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த யன்னல் கண்ணாடியிலும், பக்கத்து அறையின் பொதுச் சுவரிலும் நீராகப் படியும். சில வாரங்களில் அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று எழும்பியதும் நிலைமை தலைகீழாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறம் இறங்கும்போது வரண்டு சூடேறி நம்மை அடைகிறது. வெளியே 35 பாகையைத் தொட்டாலும் காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால், 27 அல்லது 28 பாகையும் மின்விசிறியும் சேர்ந்தால் பெரும்பாலானோருக்குச் சுகமாகவே இருக்கும். இங்கே தொல்லை தருவது காற்றைவிடக் கூரையும் மேற்குச் சுவருமே. அஸ்பெஸ்டஸ் சீற் கூரையின் கீழ் உட்தட்டு இல்லாத அறையில், பகல் முழுவதும் சூடேறிய சீற் மேலிருந்து வெப்பத்தைக் கதிர்வீசிக்கொண்டிருக்க, ஏசி 24 பாகையைக் காட்டினாலும் தலை கொதிப்பதுபோல இருக்கும். அவ்வறைக்கு உட்தட்டு அடிப்பதும், மேற்கு யன்னலுக்கு வெளியே தட்டியோ நிழல்வலையோ கட்டுவதும் எண்ணைக் குறைப்பதைவிடப் பெரிய நன்மை தரும். கரையோரத்தில் கடற்காற்று திரும்பிய பிறகு ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்துவிடலாம். மத்தியமுகாம், அம்பாறை நகர் போன்ற உட்பகுதிகளில் அந்த வசதியை அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது.

மாரியில் பலருக்கு ஏசி வேலை செய்யவில்லை என்று தோன்றும். அறையே 25 பாகையில் இருக்கும்போது 26 என்று வைத்தால் கம்ப்ரசர் ஓடுவதில்லை. ஈரமும் அப்படியே நிற்கும். இதற்காகவே றிமோட்டில் நீர்த்துளி அடையாளத்தோடு ‘ட்ரை’ முறை இருக்கிறது: விசிறி மெதுவாகவும் கம்ப்ரசர் விட்டுவிட்டும் ஓடுவதால் அறை அதிகம் குளிராமலேயே ஈரம் வடிகிறது. ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் வந்தால் போதும். அதைக் காட்டும் சிறு கருவி ஒன்றை மேசையில் வைப்பது நல்லது. தை பிற்பகுதியிலும் மாசியிலும் பெரும்பாலான இரவுகளுக்கு மின்விசிறி மட்டுமே போதும்.

றிமோட்டிலுள்ள எண் கட்டில் உயரத்து வெப்பநிலையன்று என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். உணரி பெரும்பாலும் கூரையருகே, ஏசிக்குள் திரும்பும் காற்றை அளப்பதால், கட்டிலில் அதைவிடக் குளிராக இருக்கலாம். ஆகவே படுக்கையருகே ஒரு வெப்பமானியை வைத்துச் சரிபாருங்கள். விடியற்காலையில் உடலின் வெப்பமும் இறங்குவதால், ‘ஸ்லீப்’ முறையை இயக்கி இரவில் ஓரிரு பாகை கூட விடலாம்; குழந்தைகள் மேல் காற்று நேரே படாதபடி ஏசியின் காற்றுத் தட்டைத் திருப்பிவிடுங்கள்.

நமது வீட்டு மின்கட்டணம் அலகுகள் கூடக்கூடப் படிப்படியாக ஏறுவதால், மாதக் கடைசியில் சேரும் அலகுகளே அதிக விலையுடையவை. 12,000 பிரித்தானிய வெப்ப அலகுடைய (BTU) சாதாரண ஏசி கம்ப்ரசர் ஓடும் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கிறது. அதே ஓர் அலகில் மின்விசிறி பத்து மணித்தியாலத்துக்கு மேல் சுழலும். முன்பு 26 பாகையில் சுகமாக இருந்த அறைக்கு இப்போது 23 பாகை தேவைப்பட்டால், முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகும் மாற்றமில்லையெனில், வெளி அலகின் அலுமினியத் தகடுகளில் கடலுப்பு அரித்திருக்கிறதா என்று திருத்துநரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.