சாட்டர்த்வெயிட் எந்த ஊர்? ஆங்கிலக் குடும்பப்பெயருக்கு வேர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

சாட்டர்த்வெயிட் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு 'சாட்டர்டே'தான் நினைவுக்கு வரும். சனிக்கிழமை பிறந்த யாரோ ஒரு முப்பாட்டன் என்று கதையும் கட்டிவிடுவார்கள். பழைய பெயரை இன்றைய ஆங்கிலக் காதால் கேட்பதில் வரும் வினை இது. இங்கிலாந்தின் வடமேற்கில், விண்டர்மியர், கோனிஸ்டன் ஏரிகளுக்கு நடுவே இதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தப் பக்கம் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் நோர்ஸ் மொழியில் 'சேட்டர்' என்றால் கோடையில் ஆடுமாடுகளை ஓட்டிப்போய்த் தங்கும் மேய்ச்சல் கிடை. 'த்வெய்ட்' என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம். ஆக, கிடை போட்ட திருத்து.

இந்தப் பின்பாதி கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். 2016 டி20 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரில் வரிசையாக நான்கு சிக்ஸர் அடித்த வெஸ்ட் இண்டீஸ் வீரர் கார்லோஸ் பிராத்வெயிட்டை மறக்க முடியுமா? அவர் பெயருக்கு 'அகலமான திருத்து' என்று பொருள். அதற்காக பிராத்வெயிட் எல்லாரும் ஒரே வம்சம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பெயரில் ஊர்களே ஒன்றுக்கு மேல் உண்டு. கரீபியத் தீவுகளில் அடிமைப்பட்டிருந்த மக்கள் பலருக்கு முதலாளியின் பெயரே குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது. பெயர் ஒன்று என்பதால் ரத்தமும் ஒன்றாகிவிடாது.

'ஊர்ப்பெயர் இருக்கிறதே, அப்படியானால் முன்னோர் அந்த ஊருக்கே பிரபுவாக இருந்திருப்பார்' என்பது இன்னொரு ஆசை. நிலக்கிழார்கள் ஊர்ப்பெயரைச் சூடியது உண்மைதான். ஆனால் சாதாரண ஆட்களுக்கு அது பெரும்பாலும் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகே வந்து சேர்ந்தது. ஊருக்குள் எல்லாருமே அந்த ஊர்க்காரர்கள். அதைச் சொல்லி யாரை அடையாளம் காட்ட? பக்கத்து ஊரில் போய்க் குடியேறினால்தான் அவன் 'சாட்டர்த்வெயிட்காரன்'. நினைவுப்பொருள் கடைகளில் விற்கும் 'குடும்பச் சின்னம்' வெறும் சுவர் அலங்காரம். இங்கிலாந்தில் அந்தச் சின்னங்கள் தனி ஆளுக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியவை, குடும்பப்பெயருக்கு அல்ல.

எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் வேண்டாம். தேவாலயத்தில் ஞானஸ்நானத்தைப் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதினார். அமெரிக்காவில் இதே பெயர் 'சாட்டர்வைட்' ஆகியிருக்கிறது. 'த்வெயிட்' வாயில் நுழையாமல் வெள்ளை நிறமாகிவிட்டது, பாவம்.

அப்புறம், எங்கே தேடுவது? இன்றைய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சாட்டர்த்வெயிட் இப்போது இருக்கும் கம்ப்ரியா மாவட்டத்தின் ஆவணங்களை மட்டும் புரட்டினால் பாதி தப்பிவிடும். 1974 வரை இந்த ஊர் லங்காஷயரில் இருந்தது. அதோடு, வெகுகாலம் ஹாக்ஸ்ஹெட் திருச்சபைப் பங்குக்கு உட்பட்ட ஊர் அது. அதனால் சாட்டர்த்வெயிட் பிள்ளைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளை, 1568இல் தொடங்கும் ஹாக்ஸ்ஹெட் பதிவேட்டில்தான் முதலில் பார்க்க வேண்டும்.