கதவு ஸ்பீக்கரைக் கிழியாமல் காப்பது

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்; காரின் முன்கதவில் உள்ள நாலு அங்குல ஸ்பீக்கர் கரகரத்துவிட்டது. அதன் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) கனத்த பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, தாங்காது. தர்மபுரிக்கு வந்து புது ஸ்பீக்கர் போட்டபோதே பேஸ் பிளாக்கரும் போட்டேன். பேஸ் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை; அது வெறும் கெப்பாசிட்டர்தான்.

வாங்கும்போது ‘நான்-போலார்’ என்று கேளுங்கள், இது முக்கியம். பிளஸ், மைனஸ் குறித்த சாதாரண வகை இங்கே உதவாது, சூடேறி வெடிக்கக்கூடும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 220 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் எடுத்தேன். சுமார் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக ஒலி படிப்படியாகக் குறையும். 8 ஓம் என்றால் 110 போதும். கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு இது ஆகாது, 4.7 அளவு வேண்டும்.

முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) மெதுவாக எடுங்கள், கிளிப் உடைந்தால் பிறகு கதவு கடகடக்கும். ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரை வெட்டி, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் ஒயரில் நுழைத்துவிட்டு, கெப்பாசிட்டரை இடையில் வைத்துச் சால்டர் செய்யுங்கள். மைனஸ் ஒயரைத் தொட வேண்டாம். அப்புறம் அந்தக் குழாயை இணைப்பின் மேல் இழுத்துச் சூடாக்குங்கள். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கும், வெறும் டேப் நிற்காது. கடைசியாகக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள்.

இரண்டு கதவுக்கும் ஒரே அளவுதான் போட வேண்டும். பேஸ் குறைந்தது போலத் தோன்றும். அந்த வேலையைப் பின்னால் உள்ள பெரிய ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும்.