லோரிக்கு ரீகால் வந்துவிட்டதா? நின்றுபோகும் நாட்களின் வருமானத்தைக் காக்கும் செய்முறை

மலேசியாவின் பினாங்கில், பிறையிலும் பட்டர்வொர்த்திலும் ஒன்றிரண்டு லோரிகளை வைத்துத் தொழில் நடத்துபவர்களுக்குத் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து பாதுகாப்பு ரீகால், அதாவது குறையுள்ள வாகனத்தைத் திரும்ப அழைக்கும் கடிதம் வந்தால், குறைபாடுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாக அதில் எழுதியிருக்கும். லோரி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு யார் பணம் தருவார் என்பது பெரும்பாலும் எழுதியிருக்காது. கேட்காதவருக்கு எவரும் தர மாட்டார்கள். கேட்பவருக்கும் கையில் தாள்கள் இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். அந்தத் தாள்களை எப்படிச் சேர்ப்பது, எங்கே கொடுப்பது என்பதைப் புதியவர்களுக்காக வரிசையாகத் தருகிறேன்.

படி 1: சேசிஸ் எண்ணைச் சரிபாருங்கள்

வாகன கிராண்டில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள சேசிஸ் எண்ணை லோரியில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, விநியோகஸ்தரின் சேவை மையத்திடம் கொடுங்கள். 17 இடங்கள் கொண்ட எண்ணாக இருந்தால் அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே மாட்டா. அப்படித் தெரிவது ஒன்றாகவோ சுழியமாகவோதான் இருக்கும். கைமாறிய லோரிக்கான கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போகக்கூடும். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் லோரியின் எண் 17 இடங்களைவிடக் குறைவாக இருக்கலாம், உள்ளூர் விநியோகஸ்தரின் பட்டியலில் அது இல்லாமலும் போகலாம். ஆகவே கடிதத்துக்காகக் காத்திராமல் நீங்களே கேளுங்கள்.

படி 2: ஓட்டலாமா, கூடாதா என்பதை எழுத்தில் பெறுங்கள்

பழுதுபார்க்கும் வரை லோரியை ஓட்டலாமா, மாற்றுப் பாகம் எப்போது வந்து சேரும், வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்ற மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். முகப்பில் இருப்பவர் வாய்மொழியாக "ஓட்டலாம், பரவாயில்லை" என்று சொல்வதை ஏற்காதீர்கள். பிரேக், ஸ்டீயரிங், தீ அபாயம் ஆகிய மூன்றில் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தால், பதில் வரும் வரை லோரியை நிறுத்திவையுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பாயா தெருபோங் இறக்கத்தில் பாரத்தோடு இறங்கும் லோரிக்கு பிரேக் பிடிக்காமல் போனால் அதன்பின் கணக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. மேலும், வாகனத்தைச் சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது காப்புறுதியின் வழக்கமான நிபந்தனை. குறை தெரிந்தே ஓட்டினால் கோரிக்கை மறுக்கப்படக்கூடும். லோரி நின்றதால் ஏற்படும் வருமான இழப்பையும் சாதாரண வாகனக் காப்புறுதி ஈடுகட்டாது.

படி 3: ஓடிய நாட்களுக்கான சான்றைச் சேருங்கள்

லோரி ஓடியிருந்தால் இவ்வளவு சம்பாதித்திருக்கும் என்பதைக் காட்ட, அதற்கு முந்தைய மூன்று மாதங்களின் கணக்கு தேவை. டிஓ எனப்படும் சரக்கு ஒப்படைப்புத் தாள்களும் விலைப்பட்டியல்களும் அடிப்படை. அவற்றோடு டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையின் அறிக்கையையும், மானிய டீசலுக்கான பிளீட் கார்டு அறிக்கையையும் எடுத்துவையுங்கள். எந்த நாளில் எந்த டோலைக் கடந்தது, எத்தனை லிட்டர் நிரப்பியது என்பதை மூன்றாம் தரப்பின் பதிவு சொல்லும்போது மறுப்பது கடினம். வாடிக்கையாளர் வேலையை வேறொருவருக்கு மாற்றியதாக வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அந்தச் செய்தியும் சான்றுதான்.

படி 4: இழப்பைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பெரும்பாலான கோரிக்கைகள் இங்கேதான் கவிழ்கின்றன. ஒரு நாளைக்கு 900 ரிங்கிட் வாடகை வருகிறது என்பதால் 900 ரிங்கிட்டையும் இழப்பு என்று எழுதினால், எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்தாது. லோரி நின்றதால் மிச்சமான செலவுகளைக் கழிக்க வேண்டும். நின்றாலும் தொடரும் செலவுகளைக் கழிக்கக் கூடாது.

எடுத்துக்காட்டாக, லிட்டர் 2.15 ரிங்கிட் வீதம் 60 லிட்டர் டீசலுக்கு 129, டோலுக்கு 30, ஓட்டுநர், கெலிண்டான் (லோரி உதவியாளர்) இருவரின் டிரிப் படிக்கு 120, டயர் தேய்மானத்துக்கும் எண்ணெய்க்கும் 71 என்று வைத்தால் மிச்சமாகும் செலவு 350 ரிங்கிட். நாளொன்றின் உண்மையான இழப்பு 550 ரிங்கிட் ஆகும். வங்கித் தவணை, காப்புறுதி, சாலை வரி, ஓட்டுநரின் அடிப்படைச் சம்பளம் ஆகியவை இந்த 550 ரிங்கிட்டிலிருந்துதான் கட்டப்படுகின்றன. அவற்றைத் தனியாக மீண்டும் சேர்த்தால் ஒரே இழப்பை இரண்டு முறை கேட்பதாகிவிடும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளையும் பொது விடுமுறைகளையும் நீங்களே நீக்கிவிடுங்கள். அவர்கள் நீக்கினால் மற்ற எண்களின் மீதும் சந்தேகம் விழும்.

படி 5: வேலையை விட்டுவிடாமல் மாற்றிக் கொடுங்கள்

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, இழப்பைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் கொள்கிறது. சும்மா இருந்துவிட்டு முழுத்தொகையையும் கேட்க முடியாது. தெரிந்த லோரிக்காரரிடம் அதே வேலையை 780 ரிங்கிட்டுக்குக் கொடுத்தால் உங்களுக்கு 120 மிஞ்சும். இழப்பு 430 ஆகக் குறையும், வாடிக்கையாளரும் கைவிட்டுப் போக மாட்டார். ஆனால் அந்த லோரிக்காரரிடம், பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதற்கான ஏ வகை உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சி வகை உரிமம் சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கு மட்டுமே; அதில் பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் குற்றமாகும்.

படி 6: தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் செல்லுங்கள்

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் தரும் பாதுகாப்பு எல்லா லோரிக்கும் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். சரக்கு வாகனங்களைப் பொறுத்தவரை, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,540 கிலோகிராமைத் தாண்டாதவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும். அதற்கு மேற்பட்ட லோரியை வங்கி எப்போது பறிமுதல் செய்யலாம் என்பதை உங்கள் ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. ஆகவே ரீகால் கடிதத்தின் நகலோடு சென்று தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். கடன் மேலாண்மைக்கு உதவும் ஏகேபிகே நிறுவனத்தின் ஆலோசனை இலவசம். வருமான வரிக்கு சிபி 500 தவணை கட்டுபவர்கள் சிபி 502 படிவத்தின் வழி அதைக் குறைக்கவும் விண்ணப்பிக்கலாம்.

படி 7: கோரிக்கையை அனுப்புங்கள்

விற்பனையாளருக்கும் விநியோகஸ்தருக்கும் கணக்கு, சான்றுகள், பதிலுக்கான கெடு ஆகியவற்றோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பணமாகத் தர மறுத்தால் மாற்று லோரி, இலவச சர்வீஸ், நீட்டித்த உத்தரவாதம் ஆகியவற்றில் ஒன்றையாவது கேட்டுப் பாருங்கள். நடைமுறையில் இவை எளிதாகக் கிடைக்கும்.

மறுத்துவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு ஓடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவருக்கானது. தொழிலுக்கு வாங்கிய லோரி அதில் அடங்காது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கை முறையில் தனிநபர் 5,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே வழக்குத் தொடுக்கலாம். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்தால் முடியாது. நாளுக்கு 430 வீதம் 12 நாட்களுக்கு 5,160 ஆகிறது என்றால், 160ஐக் கைவிடுவதே புத்திசாலித்தனம். பெரிய தொகைக்கு வழக்கறிஞர் தேவை. வங்கிக் கடனில் வாங்கிய லோரியின் சட்டப்படியான வாங்குநர் வங்கியாக இருக்கலாம் என்பதாலும், விற்பனை ஒப்பந்தம் வருமான இழப்புக்கான பொறுப்பை விலக்கியிருக்கலாம் என்பதாலும், எல்லா ஒப்பந்தங்களையும் அவரிடம் காட்டுங்கள்.

தாமதிக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் நிக்கோலா நிறுவனம் பேட்டரியில் குளிரூட்டும் திரவம் கசிந்ததால் 2023 ஆகஸ்டில் தன் 209 மின்சார டிரக்குகளைத் திரும்ப அழைத்தது. 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரியது. அப்படியொரு நிலையில் டிரக் வாங்கியவரும் பணம் வரவேண்டியவர்களின் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

படி 8: லோரியை எடுக்கும்போது

வேலைத்தாளில் ரீகால் எண், சேசிஸ் எண், மாற்றிய பாகத்தின் பெயர், லோரி உள்ளே வந்த தேதி, வெளியே போகும் தேதி ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். பட்டறையில் நின்ற காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வாகனப் பரிசோதனையின் தேதி கடந்திருந்தால், முதல் டிரிப்புக்கு முன் அதற்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.