ஓர் அரசருக்கு ஆளும் உரிமை உண்டா என்று எப்படி எடைபோடுவது?

மன்னராட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், பேச்சு இரண்டே நிமிடத்தில் நல்ல ராஜா, கெட்ட ராஜா என்று திசைமாறிவிடும். முதலில் அதை ஓரமாக வையுங்கள். ஒருவர் நன்றாக ஆண்டாரா என்பது ஒரு கேள்வி, ஆளும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது முற்றிலும் வேறு கேள்வி. படையெடுத்து வந்து ஊரைப் பிடித்தவனும் நல்ல சாலை போடலாம், அதனால் அவன் பிடித்தது நியாயமாகிவிடாது.

அப்புறம், அரசர் தரப்பு சொல்லும் காரணத்தை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். கடவுள் கொடுத்தார், பரம்பரையாக வந்தது, மக்கள் ஒப்புக்கொண்டார்கள், அரசர் இல்லாவிட்டால் நாடு சிதறிவிடும்: பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றிரண்டுதான் வரும். எழுதியதும், அதே வாதம் அரசருக்கு எதிராகவே திரும்புமா என்று சோதியுங்கள். சீனாவில் ஷாங் வம்சத்தைக் கவிழ்த்த சோவ் வம்சத்தார், ஆளும் உரிமையைத் தரும் ‘வானத்தின் ஆணை’ தங்கள் பக்கம் வந்துவிட்டது என்றார்கள். கொடுங்கோலனிடமிருந்து வானம் ஆணையைப் பறிக்கும் என்றால், நாளைக்கு அவர்களையும் அதே வார்த்தையைச் சொல்லி இறக்கலாம்தானே?

பரம்பரை வாதத்தில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள், பலர் தடுமாறுவது இங்கேதான். 1701இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு வாரிசுச் சட்டம் போட்டது: கத்தோலிக்கர் யாரும் அரியணை ஏறக்கூடாது, அடுத்து அரசியாகவிருந்த ஆனுக்கு வாரிசு இல்லாமல் போனால் உரிமை ஹனோவர் குடும்பத்து சோஃபியாவுக்கும் அவர் வழிவந்த புராட்டஸ்டண்டுகளுக்கும் போகும். 1714இல் சோஃபியா இறந்தார், சில வாரத்தில் ஆன் அரசியும் இறந்தார், சோஃபியாவின் மகன் ஜார்ஜ் அரசரானார். ரத்த உறவில் அவரைவிட நெருக்கமானவர்கள் ஐம்பது பேருக்கும் மேல் இருந்தார்கள், கத்தோலிக்கர் என்பதால் அத்தனை பேரும் தள்ளப்பட்டார்கள். அப்படியானால் ஜார்ஜுக்கு முடிசூட்டியது ரத்தமா, சட்டமா? சட்டம்தான் என்கிறேன் நான்.

‘நாடு சிதறிவிடும்’ என்ற வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்நாட்டுப் போரைக் கண்ட ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1651இல் எழுதியது அந்தப் பயத்திலிருந்துதான், அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அவர் கணக்குப்படி குடிமக்களின் கீழ்ப்படிதல், ஆள்பவர் அவர்களைக் காக்கும் வரைக்கும்தான். ஆள்பவர் ஒரு தனிமனிதராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஒரு சபைகூட அந்த இடத்தில் இருக்கலாம். அவருக்குப் பிடித்தது முடியாட்சி, அது வேறு விஷயம்.

சரி, சம்மத வாதத்தை எப்படிச் சோதிப்பது? அரசர் ‘முடியாது’ என்று சொன்ன நாளைத் தேடிப் பிடியுங்கள். 1990இல் பெல்ஜியத்தில் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மனசாட்சி இடம் தரவில்லை என்று போதுவாங் அரசர் மறுத்தார். அவர் ஒப்புதலோடே, அவரால் ஆள இயலாத நிலை என்று ஏப்ரல் 4ஆம் தேதி அமைச்சரவை அறிவித்து, அமைச்சர்களே கையெழுத்திட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மறுநாள் நாடாளுமன்றம் அவரைத் திரும்ப அமர்த்தியது. அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது அந்த ஒரு நாளில் தெரிந்துவிட்டது.

எதிர்ப்பக்க உதாரணத்தையும் மறைக்காமல் வையுங்கள். ஐரோப்பாவின் குட்டி நாடான லிக்டன்ஸ்டைனில், நாட்டின் தலைவரான இளவரசரின் தடையதிகாரத்தை (வீட்டோ) வெட்ட 2012இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது, சுமார் 76 சதவீதம் பேர் அதிகாரம் அவரிடமே இருக்கட்டும் என்றார்கள். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, ஆனால் அது சம்மதம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசியாக, அரசியல் சட்டத்தில் அரசரை இறக்கும் வழி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டானின் 2008 அரசியல் சட்டப்படி அரசர் 65 வயதில் ஓய்வுபெற வேண்டும். அவர் வேண்டுமென்றே சட்டத்தை மீறினால், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்கினர் தீர்மானம் கொண்டுவரலாம், நான்கில் மூன்று பங்கு ஆதரவு கிடைத்தால் அது மக்களின் வாக்கெடுப்புக்குப் போகும்.