ஸ்கேன் கருவி வாங்கப் போகிறீர்களா? முதல்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை

விற்பனைப் பிரதிநிதிகளை இப்போதே அழைத்துவிடாதீர்கள். வருபவர் தன்னிடம் இருக்கும் கருவியைப் பற்றித்தான் பேசுவார், அது அவர் வேலை. அவர் வந்து உட்காரும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்பது எழுத்தில் தயாராக இருக்க வேண்டும்.

படி 1: சீட்டுகளை எண்ணுங்கள்

கடந்த ஆறு மாதங்களில் உங்கள் மருத்துவர்கள் படம் எடுத்துவரச் சொல்லி எழுதிய சீட்டுகளையெல்லாம் வகை பிரியுங்கள். எலும்பு முறிவு, நுரையீரல் தொற்று என்றால் எக்ஸ்ரே. கர்ப்பம், பித்தப்பைக் கல் என்றால் அல்ட்ராசவுண்ட். தலையில் அடிபட்டவர், திடீர்ப் பக்கவாதம் வந்தவர் என்றால் சி.டி., ஏனென்றால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பதை அது விரைவில் காட்டிவிடும். முதுகுத் தண்டு, மூட்டுத் தசைநார் போன்றவற்றுக்கு எம்.ஆர்.ஐ. எந்தக் குவியல் பெரியது என்று பாருங்கள். சிறிய மருத்துவமனை என்றால் நல்ல எக்ஸ்ரேயும் நல்ல அல்ட்ராசவுண்டும் முதலில் வரட்டும் என்பதே என் கருத்து.

படி 2: படத்தைப் படிப்பவர் யார்?

ரேடியாலஜிஸ்ட் முழுநேரம் இருக்கிறாரா, தொலைவிலிருந்து பார்த்து அறிக்கை அனுப்புவாரா? இரவில் டெக்னீஷியன் உண்டா? இதற்குப் பதில் கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: விவரப் பட்டியலில் எதைப் பார்ப்பது

அல்ட்ராசவுண்டில் பெட்டியை விட ப்ரோப்தான், அதாவது உடல்மேல் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் கைப்பகுதிதான், முக்கியம். வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைந்த ப்ரோப் வேண்டும். தைராய்டு, ரத்தக் குழாய் போன்று தோலுக்கு அருகில் இருப்பவற்றுக்கு 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர் ப்ரோப். அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும், ஆனால் ஒலி ஆழமாக இறங்காது. இதயத்துக்குத் தனி ப்ரோப். விலைப்பட்டியலில் எத்தனை ப்ரோப் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

டிஜிட்டல் எக்ஸ்ரேயில் கதிரை வாங்கிப் படமாக்கும் டிடெக்டர் எதனால் ஆனது என்று கேளுங்கள். சீசியம் அயோடைடு டிடெக்டர் பொதுவாகக் குறைந்த கதிர்வீச்சிலேயே நல்ல படம் தரும். குழந்தைகள் அதிகம் வரும் இடம் என்றால் இதில் சமரசம் வேண்டாம்.

சி.டி.யில் எல்லோரும் ஸ்லைஸ் எண்ணிக்கையைத்தான், அதாவது ஒரு சுற்றில் எடுக்கும் குறுக்குவெட்டுப் படங்களின் எண்ணிக்கையைத்தான், சொல்வார்கள். தலை, நெஞ்சு, வயிறு ஆகியவற்றின் அன்றாடத் தேவைக்கு 16 ஸ்லைஸே போதும். துடிக்கும் இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்க வேண்டுமென்றால்தான் குறைந்தது 64 ஸ்லைஸ் தேவை. அந்த நோயாளிகள் உங்களிடம் வருகிறார்களா என்பதைப் படி 1-இல் போட்ட கணக்கே சொல்லும்.

எம்.ஆர்.ஐ.யில் காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா? 3-இல் சமிக்ஞை ஏறக்குறைய இரட்டிப்பாகும். கூடவே உடலில் ஏறும் வெப்பமும் கூடும். உடலுக்குள் வைத்த பேஸ்மேக்கர் போன்ற உள்பொருத்துகளில், 1.5-க்கு அனுமதிக்கப்பட்ட சிலவற்றுக்கு 3-இல் அனுமதி இருக்காது. முதல் கருவிக்கு 1.5 நல்ல தேர்வு.

படி 4: அறை

பணமும் நாளும் எதிர்பாராமல் கரைவது இங்கேதான். எக்ஸ்ரே, சி.டி. அறைச் சுவர்களுக்குக் கதிர்வீச்சுத் தடுப்பு வேண்டும். எவ்வளவு தடிமன் என்பதைத் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் கணக்கிட்டுத் தர வேண்டும், கொத்தனாரின் அனுபவத்தில் விடக்கூடாது. உங்கள் நாட்டின் கதிர்வீச்சு ஒழுங்குமுறை அமைப்பிடம் அனுமதி வாங்கும் வேலையையும் இப்போதே தொடங்குங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சுத் தடுப்பு தேவையில்லை. ஆனால் வெளி ரேடியோ அலைகள் நுழையாதபடி அறை முழுவதும் உலோக உறை வேண்டும். வழக்கமான மீக்கடத்திக் காந்தம் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் இயங்குவது) மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ ஹீலியத்தில் குளிர்ந்திருக்கிறது. அது திடீரெனக் கொதித்தால் ஒரு லிட்டர் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். அது நேராகக் கட்டடத்துக்கு வெளியே போக அகலமான குழாய் தேவை. இல்லாவிட்டால் அறைக்குள் ஆக்சிஜன் குறைந்து மூச்சுத் திணறும். இன்னொன்றை இரவுக் காவலர் வரை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: கருவியை நிறுத்தினாலும் இந்தக் காந்தம் அணையாது. இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனால் காந்தம் அதை இழுத்து உயிரே போகலாம்.

கருவி உள்ளே வரும் வழியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்: கதவு, நடைபாதை, லிஃப்ட், தரை தாங்கும் எடை. மின்சாரம் தடைபட்டால் என்ன ஏற்பாடு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். காந்தத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் ஸ்கேன் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டும்.

படி 5: கணினியோடு பேசுமா?

டைகாம் (மருத்துவப் படங்களைக் கருவிகளும் கணினிகளும் பரிமாறிக்கொள்ளும் பொது முறை) வசதி உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். அது மட்டும் போதாது. நோயாளியின் பெயரும் எண்ணும் பதிவு மேசையிலிருந்து தானாகக் கருவிக்கு வரும் ஒர்க்லிஸ்ட் வசதி விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதை வாங்காமல் விட்டுவிட்டோம். ஒவ்வொரு பெயரையும் கையால் அடித்தோம். ஒரே நோயாளி மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று பேராகப் பதிவானார். நுரையீரலில் தெரிந்த புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட வேண்டிய நாளில் பழைய படம் கிடைக்கவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

படி 6: பராமரிப்பு ஒப்பந்தம்

ஆண்டுக்கு 95 சதவீதம் இயங்கும் என்று உறுதி தருகிறார்களா? அப்படியென்றால் 18 நாள் வரை நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. 98 சதவீதம் என்றால் ஏழு நாள். சி.டி.யின் எக்ஸ்ரே குழாய் தேய்ந்துபோகும் பொருள், விலையும் அதிகம். அது ஒப்பந்தத்தில் அடங்குமா, பொறியாளர் எத்தனை மணி நேரத்தில் வந்து சேருவார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு பத்து ஆண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். மலிவான கருவி மலிவாகவே இருக்கிறதா என்று தெரியும்.

படி 7: இன்னொரு இடத்தில் போய்ப் பாருங்கள்

அதே மாடல் ஓடும் இடத்துக்குப் போய், தினமும் அதில் வேலை செய்யும் டெக்னீஷியனிடம் தனியாகப் பேசுங்கள். பருமனான நோயாளியின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 8: கடைசித் தவணைக்கு முன்

நிறுவியதும் ஏற்புச் சோதனை நடத்த வேண்டும். ஃபான்டம் என்னும் மாதிரிப் பொருளைப் படமெடுத்து, தெளிவும் கதிர்வீச்சு அளவும் சொன்னபடி இருக்கின்றனவா என்று மருத்துவ இயற்பியலாளர் கையெழுத்திட்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். அன்று எடுத்த படங்களைத் தேதி போட்டுச் சேமித்துவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துப் படம் மங்குகிறதோ என்று சந்தேகம் வந்தால், அதே ஃபான்டத்தை மறுபடி படமெடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.