கல்லூரியில் உதவி கேட்கப் போய்க் கோட்டை விடும் இடங்கள்

ஒவ்வொரு வருடமும் கடைசித் தேதி முடிந்த மறுவாரம் என் மேசைக்கு முன்னால் ஒருவராவது வந்து நிற்பார். "மேம், ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ண மறந்துட்டேன்." மறந்தது பாதிதான். அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அந்த வாரம்தான் தெரிந்திருக்கும். பலகையில் ஒட்டினோம், வாட்ஸப் குழுவில் போட்டோம் என்று நாங்கள் சொல்வோம். ஒட்டியது உண்மை. அதன் மேல் பஸ் பாஸ் அறிவிப்பையும், அதற்கும் மேல் கபடி அணித் தேர்வு அறிவிப்பையும் ஒட்டியதும் உண்மை.

தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கிளாஸ் டியூட்டராக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மாணவர்களுக்கான உதவிகள் இல்லாமல் இல்லை. ஆனால் மூலைக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. ஸ்காலர்ஷிப் ஒரு கிளார்க்கிடம், பரீட்சைக்கு ஸ்கிரைப், அதாவது எழுத முடியாதவர் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், வேண்டுமென்றால் தேர்வுப் பிரிவில், மனநல ஆலோசகர் நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறையில். இவ்வளவையும் சேர்த்துச் சொல்ல ஓர் ஆள் பெரும்பாலான கல்லூரிகளில் கிடையாது. அந்த இடத்தை நிரப்புகிறவர்கள் சீனியர்கள். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சீனியர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் அவர் சொல்வது அவருடைய வருடத்து விதி, அவருக்குப் பொருந்திய விதி. புதுமைப் பெண் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும் மாதம் 1000 ரூபாய். உதவி பெறும் பள்ளியில் படித்த சீனியர் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவர் தன் ஜூனியரிடம் "நமக்கெல்லாம் வராதுடி" என்று சொல்லிவிட்டார். 2024-25இல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அந்த ஜூனியர் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை எல்லாருக்கும் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அதை நம்பி மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறார்கள். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. வீட்டில் அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. இதெல்லாம் சேர்வதற்கு முன்னால் தெரிய வேண்டியது.

அடுத்தது வங்கிக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த கண்ணீரில் பெரும்பங்கு இதில்தான்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர். ஸ்காலர்ஷிப் தளத்தில் பணம் செலுத்தியாயிற்று என்று காட்டுகிறது. பாஸ்புக்கைக் கொண்டுவந்து மேசையில் விரித்து வைத்தார். கடைசி வரியில் எஸ்எம்எஸ் கட்டணம் 17 ரூபாய் 70 காசு பிடித்திருந்தது, அவ்வளவுதான். மூன்று தடவை வங்கிக்குப் போயிருக்கிறார். மூன்று தடவையும் "ஆதார் லிங்க் ஆயிருக்கும்மா" என்ற பதில். அதுவும் பொய்யில்லை. கணக்கைச் சரிபார்க்க ஆதாரை இணைப்பது ஒன்று. அரசுப் பணம் வந்து சேர ஆதாரை அந்தக் கணக்கோடு 'சீடிங்' செய்வது வேறொன்று. பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கியில் சீடிங் நடந்ததோ அங்கே போய் விழும்.

மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. நானும் அவரும் சேர்ந்து திறந்து பார்த்தோம். அவர் கேள்விப்பட்டிராத ஒரு வங்கியின் பெயர் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் சிம் கார்டு வாங்கக் கட்டை விரல் வைத்தபோது, கூடவே ஒரு கணக்கையும் திறந்து கொடுத்திருக்கிறார்கள். நான்கு மாதம் தேடிய பணம் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

ஆகவே வங்கியில் போய் "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று சொல்லாதீர்கள். "டிபிடிக்கு ஆதார் சீடிங் செய்யணும்" என்று சொல்லிப் படிவம் கொடுங்கள் (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவதுதான் டிபிடி), சில நாள் கழித்துத் தளத்தில் பாருங்கள். பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு என்றால் 18 வயது ஆனதும் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்து மாற்றினீர்களா என்றும் பாருங்கள், பல கணக்குகள் அங்கேதான் முடங்குகின்றன. யூமிஸ் எண், அதாவது உயர்கல்வி மாணவர்களுக்கு அரசுத் தளத்தில் தரும் அடையாள எண், உங்கள் பெயரில் சரியாக ஏறியிருக்கிறதா என்பதையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இப்போது பல உதவித்தொகைகளுக்கும் அந்த எண்தான் சாவி. ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் சான்றிதழில் முன்னால் என்று இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்யுங்கள்.

சரி, பணம் அல்லாத விஷயங்களுக்கு வருவோம். அங்கே நடக்கும் பெரிய தவறு, எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டு வருவது. விடுதிச் சாப்பாடு, திருப்பித் தராத கட்டணம், தவறாகப் போட்ட இன்டர்னல் மார்க், எதுவானாலும் துறைத் தலைவரிடம் போய்ச் சொல்கிறார்கள். அவரும் "பார்க்கலாம்ப்பா" என்கிறார். ஒரு செமஸ்டர் ஓடிவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். புகார் கையில் கிடைத்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம். வாயால் சொன்ன புகாருக்கு இந்த நாள் கணக்கு எங்கிருந்து தொடங்கும்? இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை அலுவலகத் தபாலில் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட முகம் சுளித்தால் கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

எந்தக் கதவு என்பதும் முக்கியம். பாலியல் தொல்லையைத் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும், சட்டப்படி புகார் போக வேண்டிய இடம் உள் புகார்க் குழு, கல்லூரிகளில் ஐசிசி என்பார்கள். எழுத்தில், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சமாதானம் பேசிப் பேசியே அந்த மூன்று மாதத்தைக் கரைப்பது நம் ஊரில் நன்றாகவே நடக்கும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ராகிங்குக்கு வேறு வழி. சிதம்பரத்தில் 1996இல் நாவரசு என்ற மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. யுஜிசி விதிப்படி, குற்றமாகும் அளவுக்கு ராகிங் நடந்ததாகத் தெரிந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். கல்லூரிக்குள் சொல்லப் பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது.

ஸ்கிரைப் விஷயத்தில் தவறு எப்போதும் ஒன்றுதான்: ஹால் டிக்கெட் கையில் வந்த பிறகு கேட்பது. தேர்வுப் பிரிவு அனுமதி தர வேண்டும், எழுதித் தர ஆள் பார்க்க வேண்டும், அவருடைய படிப்பு விவரம் கொடுக்க வேண்டும். செமஸ்டர் தொடங்கும்போதே விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு, அதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். "ஊனம் 40 சதவீதம் இல்லையே, எனக்குக் கிடைக்காது" என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. எழுதும்போது விரல் பிடித்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவரின் வழக்கில், ஸ்கிரைப் வசதியை 40 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களோடு நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. அதை ஒட்டி 2022இல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் வந்தது. டாக்டர் சான்றிதழோடு கேட்டுப் பாருங்கள்.

மனநல ஆலோசகர் அறைக்கு யாரும் போவதில்லை என்று நாங்கள் குறைப்பட்டுக்கொள்வோம். ஒரு வருடம் நானே செய்த காரியத்தைச் சொல்கிறேன். தொடர்ந்து லீவு போட்ட ஒரு பையனிடம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே "நீ போய் கவுன்சலரைப் பார்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், கடைசிவரை போகவில்லை. அந்தத் தவறு அவனுடையது இல்லை. மாணவர்கள் பக்கம் இருக்கும் தவறு என்றால், ஒரே ஒரு கதவுதான் இருக்கிறது என்று நினைப்பது. கல்லூரி அறைக்குப் போகத் தயக்கமாக இருந்தால் 14416ஐக் கூப்பிடலாம். டெலி மானஸ் சேவை அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கல்லூரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, சான்றிதழ். படிப்பை விட்டு விலக நினைப்பவர்கள் "ஒரிஜினல் காலேஜ்ல இருக்கு மேம்" என்று சொல்லி வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். சரிபார்த்தவுடன் அசலைத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது. எழுதிக் கேளுங்கள், மேலே சொன்ன சீலோடு.

முதல் வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்கி, நோட்டும் கையுமாக வளாகத்தைச் சுற்றி வாருங்கள். ஸ்காலர்ஷிப் கிளார்க் யார், ஐசிசி உறுப்பினர் பெயர்ப் பலகை எங்கே, ஆலோசகர் எந்தெந்தக் கிழமை வருகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். மதியம் என்றாலும் ஒரு மணிக்குப் போகாதீர்கள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருக்கும் கிளார்க்கிடம் எந்தத் திட்டத்தைக் கேட்டாலும் "முடிஞ்சுபோச்சு" என்றுதான் பதில் வரும். இரண்டரைக்குப் போங்கள்.